மாடி வீட்டு வீடியோ கேம் பெட்டி

என் தம்பி சொந்த வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வேலைக்கு வருகிறவர்களை ஏற்றி வருவான். முகூர்த்த நாளில் கல்யாண வீட்டுக்காரர்கள், பௌர்ணமியில் கிரிவலத்துக்கு வருகிறவர்கள் என்று வண்டி நிற்காமல் ஓடும். மழைக்காலத்தில் ஒருநாள் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது, ரோட்டுக்குக் குறுக்கே வந்த ஆடுகளுக்காக ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டி வாய்க்கால் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பிக்கு வலது முழங்கை நொறுங்கிப்போனது.

வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் முழங்கை வழியாகப் போகிற நரம்பு அடிபட்டிருந்ததால் வலது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. சோற்றைப் பிசைய முடியாது, சட்டைப் பித்தானைப் போட முடியாது. வேன் கைமாறிப் போனது. தம்பியும் அவன் மனைவியும் எங்கள் வீட்டு மாடிக்குக் குடி வந்தார்கள். அவர்களுக்கு ஒரே மகள், சென்னையில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். தம்பி மனைவி கோயில் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் வேலைக்குச் சேர்ந்தாள். தம்பி கட்டிலில் சாய்ந்து, இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, பகல் முழுதும் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பான்.

வாரத்துக்கு ஒருமுறை பிசியோதெரபி செய்கிற பெண் வீட்டுக்கு வருவாள். விரலால் அழுத்தச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தாள். அது எப்போது பார்த்தாலும் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். ஒருநாள் போகும்போது என்னைக் கீழே தனியாக நிறுத்தி, நரம்பு மெதுவாக வருகிறது, ஆனால் அவர் எதையுமே செய்யாமல் இருந்தால் வந்ததும் வீணாகிவிடும் என்றாள்.

“பயிற்சின்னு சொன்னாலே அவருக்குப் பிடிக்கலைங்க. விரல் இருக்கறதையே மறந்துட்டு அசைக்கிற மாதிரி ஏதாவது வேலை குடுத்துப் பாருங்க.”

எனக்குச் செங்கம் ரோட்டில் ஒரு சிறிய கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட் அவுட், இதற்கு நடுவில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது. நான் படித்தது கம்ப்யூட்டர் டிப்ளமோ. ஆசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், காபி கடைக்காரர்கள் பில் மெஷினைக் கொண்டுவருவார்கள். என் கணவருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. வார விடுமுறைக்குத்தான் வருவார். அதனால் எந்தக் கருவியையும் பிரித்துப் போட்டு ராஜ்யம் நடத்த எனக்கு வீட்டில் இடைஞ்சல் கிடையாது.

பிசியோதெரபி பெண் சொன்னதை மனதில் போட்டுக்கொண்டே கடையில் உட்கார்ந்திருந்தபோது, ஓர் இணைய வீடியோ கண்ணில் பட்டது. எந்த நாட்டுக்காரரோ ஒருவர் பழைய கம்ப்யூட்டரை மரப்பெட்டிக்குள் வைத்து, அந்தக் காலத்துப் பார்லர்களில் இருந்ததைப் போன்ற வீடியோ கேம் பெட்டியைத் தன் வீட்டிலேயே கட்டிக்கொண்டிருந்தார். ஆள் உயரப் பெட்டி, சாய்ந்த திரை, அதன் கீழே இடது பக்கம் ஜாய்ஸ்டிக், வலது பக்கம் வட்ட வட்டமான பட்டன்கள். நான் கவனித்தது அந்த பட்டன்களைத்தான். ஒவ்வொரு விரலுக்கும் ஒன்று இருந்தது. இடது கை ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளும், வலது கையின் விரல்கள் எல்லாம் வேலை செய்தாக வேண்டும்.

பள்ளியில் படிக்கும்போது தம்பிக்கு வீடியோ கேம் பைத்தியம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பார்லர் இருந்தது. சாப்பிடக் கூப்பிடுவதற்கு நான்தான் போவேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். விரல்கள் பட்டன் மேல் மழை பெய்கிற மாதிரி விழுந்துகொண்டிருக்கும். நானும் கூப்பிட வந்ததை மறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கடையில் ஓய்வு கொடுத்து மூலையில் வைத்திருந்த ஒரு சி.பி.யூ. இருந்தது. அதைத் திறந்து தூசியை ஊதி, மெமரியைக் கூட்டிப் போட்டு ஓடவிட்டேன். புது வேலைக்குத்தான் அதற்குத் தெம்பில்லை, விளையாட்டுக்குத் தாராளமாகப் போதும். பழைய பார்லர் ஆட்டங்களின் சாயலில் ஆர்வலர்கள் புதிதாக எழுதி இலவசமாக விட்டிருந்த ஆட்டங்களைத் தேடித் தேடி இறக்கினேன். ஜாய்ஸ்டிக், பட்டன்கள், அவற்றையெல்லாம் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஒரு சிறிய போர்டு, மூன்றையும் ஆன்லைனில் வரவழைத்தேன். தம்பியிடம், பழைய சி.பி.யூ. சும்மா கிடக்கிறது, ஏதாவது செய்து பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சரி என்றான்.

பெட்டிதான் பெரிய வேலையாக இருந்தது. முதலில் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி ஒரு மாதிரி செய்தேன். பட்டன் இருக்கிற பலகை எந்த உயரத்தில் வர வேண்டும் என்று தெரியவில்லை. ஏதோ அலமாரி செய்யப்போவதாகச் சொல்லித் தம்பியைச் சுவரோரம் நிற்கவைத்து, முழங்கை உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். அந்த நாட்களில் எதைச் செய்யச் சொன்னாலும் கேள்வி கேட்காமல் செய்தான். எனக்கு அதுதான் அதிகமாக வருத்தம் தந்தது.

அட்டை மாதிரியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேட்டவலம் ரோட்டில் ஒரு தச்சரிடம் போனேன். அவர் பட்டறையில் பெரும்பாலும் பூஜை அலமாரிகளும் பீரோக்களும்தான். என் அட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“இது எந்த சாமிக்கும்மா?”

சாமிக்கு இல்லை, உள்ளே ஒரு டிவி மாதிரி வரும் என்றேன். டிவிக்கு எதற்கு இத்தனை உயரம், நின்றுகொண்டா பார்ப்பீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குமேல் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, அளவெடுக்க ஆரம்பித்துவிட்டார். பக்கவாட்டுப் பலகையின் வளைவைப் பற்றி மட்டும் இரண்டு தடவை கேட்டார். திரை சாய்ந்திருக்க வேண்டும், மேல்பகுதி முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், பின்னால் கதவு வேண்டும், காற்று போகத் துளைகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வேலை முடிந்தது என்று போன் வந்தபோது போய்ப் பார்த்தேன். வளைவுகள் நான் நினைத்ததைவிட அழகாக வந்திருந்தன. ஓரமெல்லாம் இழைத்து, கருநீல மைக்கா ஒட்டியிருந்தார். ஆனால் பட்டன் பலகைக்குக் கீழே நான் கேட்காத ஒரு சின்ன இழுப்பறை இருந்தது. பித்தளைக் கைப்பிடியோடு. இது எதற்கு என்றேன்.

“கற்பூரம், தீப்பெட்டி வெச்சுக்கலாம்மா. நாளைக்கே டிவி வேணாம்னு தோணிச்சுன்னா சாமியே வெச்சுக்கலாம்.”

நான் இழுப்பறையை அப்படியே விடச் சொன்னேன். கீபோர்டையும் மவுசையும் போட்டுவைக்க வசதியாகத்தான் இருந்தது.

பெட்டியை எடுத்துப்போகிற நாள் பௌர்ணமியாக வாய்த்தது. இந்த ஊரில் பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்குப் பயந்து யாரும் ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்ற மாட்டார்கள். ஆனால் தச்சருக்கு ஒரு கல்யாண மண்டபத்துக் கதவு வேலை வந்துவிட்டது, பட்டறையில் இடமில்லை, இன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்று சனிக்கிழமை, என் கணவர் ஊரில் இருந்தார். சின்ன லாரியில் ஏற்றி, சுற்றுவழியாக வந்து, எங்கள் தெருவுக்கு எதிரில் இருக்கிற தடுப்பு வரைக்கும்தான் போலீஸ்காரர்கள் விட்டார்கள். அதற்குமேல் வண்டிக்கு அனுமதியில்லை. எங்கள் வீடு கிரிவலப் பாதைக்கு அந்தப் பக்கம்.

தச்சர், அவருடைய ஆள் ஒருவர், என் கணவர், நான், நான்கு பேரும் நான்கு மூலையைப் பிடித்துக்கொண்டோம். மாலை நேரம். ரோடு முழுக்க வெறுங்காலோடு நடக்கிற கூட்டம். பெட்டி வெயிலில் மங்காமல் இருக்கட்டும் என்று தச்சர் அதன்மேல் மஞ்சள் துணி போர்த்தியிருந்தார். அதுதான் வினையாகிவிட்டது. எங்களைப் பார்த்ததும் கூட்டம் தானாக விலகியது. வழி விடுங்க, சாமி வருது என்று யாரோ முன்னால் குரல் கொடுத்தார்கள். வெளியூர்ப் பெண்மணி ஒருவர் ஓடிவந்து பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எந்தக் கோயிலுக்குப் போகிறது என்று இன்னொருவர் கேட்க, என் கணவர் மூச்சிரைக்க, மாடிக்குப் போகிறது என்றார். கேட்டவர் அதற்கும் பக்தியோடு தலையாட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்கியதில் கை நழுவப் பார்த்தது.

வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் சங்கடம் தெரிந்தது. மாடிப்படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம். தலைகீழாகச் சாய்த்துப் பார்த்தோம், பக்கவாட்டில் படுக்கவைத்துப் பார்த்தோம். திருப்பத்தில் சுவர் இடித்தது. தச்சர் மேல்பகுதியைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, தம்பி மேலே வந்து நின்றான். பெட்டியையும் திருப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு படிகளில் இறங்கி வந்து, திருப்பத்துக்கு மேலே நின்றுகொண்டு, இடது கையை நீட்டினான்.

“மாமா, நீங்க அப்பிடியே நில்லுங்க. பின்னாடி இருக்கறவங்க மட்டும் லெஃப்ட்ல ஒடிங்க. இன்னும்… இன்னும்… போதும். இப்ப நேரா வாங்க. வா, வா, வா… நிறுத்து. ரைட்ல கொஞ்சம் கம்மி பண்ணுங்க. ஆங், வரலாம்.”

சந்தில் வேனைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் சொல்வாரே, அதே குரல். நாங்கள் நான்கு பேரும் எதிர்ப்பேச்சு இல்லாமல் அவன் சொன்னபடி நகர்ந்தோம். பெட்டி சுவரை உரசாமல் மேலே ஏறியது. தச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நல்லா ரூட் குடுத்தீங்க சார் என்றார். தம்பி லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பெட்டி கூடத்தில் அவன் கட்டிலுக்கு எதிரே நின்றது. இது பழைய பார்லர் மாதிரி வீடியோ கேம் ஆடுகிற பெட்டி என்று அப்போதுதான் அவனிடம் சொன்னேன்.

மறுநாளிலிருந்து நான் கடை மூடியதும் மாடிக்குப் போய் வேலை பார்த்தேன். மானிட்டரைச் சட்டத்தில் பொருத்தினேன். பழைய ஸ்பீக்கர்களை மேல்பகுதிக்குள் வைத்தேன். பட்டன்களுக்குத் துளை போட்டேன். ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னாலும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதிலிருந்து இரண்டு வயர் போர்டுக்குப் போகும். வயர்கள் கலர் கலராகத் தொங்க, நான் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செருகுவேன். தம்பி கட்டிலிலிருந்து பார்ப்பான். ஒரு தடவை, மஞ்சள் வயர் லூஸா கீதுக்கா என்றான். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஜாய்ஸ்டிக்கைப் பலகையில் மாட்ட வேண்டுமானால் அதன் தலையில் இருக்கிற உருண்டையைத் திருகிக் கழற்றிவிட்டு, கம்பியைக் கீழிருந்து விட வேண்டும். நல்ல சிவப்பு உருண்டை. பலகைக்குப் பெயிண்ட் அடித்தால் வீடெல்லாம் நாறுமே என்று வெளியே வெட்டவெளி மாடியில் வைத்து வேலை செய்துகொண்டிருந்தேன். உருண்டையைக் கைப்பிடிச்சுவர் மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். ஒரு குரங்கு வந்து எடுத்துக்கொண்டது.

அது ஒன்றும் அவசரப்படவில்லை. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து, உருண்டையை முகர்ந்தது, கடித்தது, மறுபடி திருப்பிக் கடித்தது. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த பிறகும் விடுவதாக இல்லை. நான் ஒரு வாழைப்பழத்தைக் காட்டினேன். அது இறங்கி வந்து, பழத்தை இன்னொரு கையில் வாங்கிக்கொண்டு, இரண்டோடும் பக்கத்து வீட்டுக் கூரைக்குத் தாவிவிட்டது. பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். தம்பி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே போனவன் எதையோ தேடி எடுத்துக்கொண்டு வந்தான். வேனின் கியர் குமிழ். கண்ணாடி மாதிரி வார்த்த பிளாஸ்டிக், உள்ளே ஒரு ரோஜாப்பூ. வண்டியைக் கொடுக்கும்போது இதை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டிருக்கிறான். எனக்குத் தெரியாது.

“இதப் போட்டுப் பாரு. வேற எதுக்கு ஆவப்போவுது.”

திருகுமரை ஒத்துப்போகவில்லை. குமிழின் ஓட்டையில் பசையை நிரப்பி, ஜாய்ஸ்டிக் கம்பியைச் செருகிக் காயவிட்டோம். காய்ந்ததும் அவன் இடது கையால் பிடித்து நான்கு பக்கமும் அசைத்துப் பார்த்தான். கியர் போட்ட கை என்பதால் பிடி இயல்பாக உட்கார்ந்தது. முதல் தடவையாக, எப்போ முடியும் என்று கேட்டான்.

பெட்டி முடிந்து சுவிட்சைப் போட்டபோது தம்பி, அவன் மனைவி, நான் மூவரும் இருந்தோம். பட்டன்களுக்குள் விளக்கு எரிந்தது, திரையில் ஆட்டங்களின் பட்டியல் வந்தது. தம்பி விமானம் ஓட்டிச் சுடுகிற ஓர் ஆட்டத்தை எடுத்தான். இடது கை அற்புதமாகப் போனது. வலது கைதான் தடுமாறியது. ஒரு பட்டனை அழுத்த நினைத்தால் பக்கத்து பட்டனையும் சேர்த்து அழுத்தியது. சுட வேண்டிய இடத்தில் சுட முடியாமல் விமானம் வெடித்தது. மறுபடி ஆடினான், மறுபடி வெடித்தது. பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் போனான். ஆனால் அடுத்தடுத்த நாட்களிலும் ஆடிப் பார்க்கத்தான் செய்தான். நான் கீழே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வாரம் பிசியோதெரபி பெண் வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. நான் சொன்னதுக்கு எவ்வளவு பெரிய ஏற்பாடு பண்ணிட்டீங்க, இனிமே அந்தப் பந்தே வேணாம் என்று அவன் முன்னாலேயே என்னைப் பாராட்டினாள். அவள் போன பிறகு தம்பி என்னைப் பார்த்தான்.

“அப்போ இது வெளையாட்டில்ல. அந்த ரப்பர் பந்துதான். நீ கொஞ்சம் பெருசா பண்ணிக்கினு வந்திருக்க.”

அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படித்தானே என்று தோன்றியதால் சொல்லவில்லை. அவன் கத்தவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தா கையைத்தான் பாக்கறீங்க என்றான். கீழே இறங்கி வந்துவிட்டேன். மறுநாள் போனபோது பெட்டியின்மேல் ஒரு பெட்ஷீட் போர்த்தியிருந்தது.

அந்தப் பெட்ஷீட்டை நான் தொடவில்லை. அவன் கோபம் நியாயமானது. ஆனால் என் வருத்தமும் பொய்யில்லை. கடையில் விண்ணப்பம் அடிக்கும்போதுகூட அந்தப் பெட்ஷீட் ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஓசூரிலிருந்து போனில் பேசிய கணவர், பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து வைத்துவிடேன் என்றார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். ஒரு மனுஷனைக் கேட்காமலே அவனுக்கு நல்லது செய்யக் கிளம்பினால் இப்படித்தான் ஆகும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பெட்ஷீட்டை எடுத்தது தம்பி மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. துணியெல்லாம் ஊறவைத்தபோது, பெட்டிமேல் கிடந்ததையும் உருவியிருக்கிறாள். உருவின கையோடு, தூசியைத் துடைத்திருக்கிறாள். துடைக்கும்போது சுவிட்சில் கை பட்டு விளக்குகள் எரிந்திருக்கின்றன. இதெல்லாம் பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கீழே சமையலறையில் இருந்தேன். மேலே பட்டன் சத்தம் கேட்டது. வேகமாக, இடைவெளி இல்லாமல். அது தம்பியின் விரல் சத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவன் குரல் கேட்டது, அவள் குரல் கேட்டது. சண்டையா என்று பயந்து, திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

இரண்டு பேரும் பெட்டி முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அவன் இடது கை கியர் குமிழைப் பிடித்திருந்தது. அவள் வலது பக்கம் நின்று இரண்டு கையாலும் பட்டன்களை அழுத்திக்கொண்டிருந்தாள். ஒரே விமானம். அவன் ஓட்டினான், அவள் சுட்டாள்.

“சும்மா சுட்டுக்கினே இருக்காத. வரும்போது மட்டும் சுடு.”

“வரும்போதுன்னா எப்போங்க? நீங்க அதுக்குள்ள திருப்பிடறீங்க.”

“திருப்பலைன்னா மோதிக்கும்.”

“நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

விமானம் திரையின் ஓரத்தில் நுழைந்து, இரண்டு குண்டுகளுக்கு நடுவில் லாவகமாக வெளியே வந்தது. அவள் சரியான நேரத்தில் அழுத்தினாள். பெரிதாக ஏதோ வெடித்து, திரை வெளிச்சமாகி, அடுத்த கட்டம் வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்தது தெரியாது. கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

அன்று மாலை காய்ந்த துணிகளை எடுக்கும்போது அவள் என்னிடம் பேசினாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. துணியை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“அண்ணி, அவரும் நானும் மாத்திரை சாப்ட்டீங்களா, சோறு போடட்டுமான்னுதான் இத்தினி நாளாப் பேசிக்கினு இருந்தோம். வேற ஒண்ணும் பேச வரலைங்க. இன்னிக்கு என்னைத் திட்டினாரு. எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.”

ஒரு போர்வையின் இரண்டு முனையை நான் பிடிக்க, இரண்டு முனையை அவள் பிடிக்க, மடித்து வைத்தோம்.

அதன்பிறகு அவள் வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவி, டீ குடித்து, பெட்டிக்கு முன்னால் நிற்பது வழக்கமாகிவிட்டது. லாட்ஜில் அறை கேட்டு வந்தவர் போட்ட சண்டை, மேனேஜர் சொன்ன குத்தல், மகள் போனில் சொன்ன சேதி, எல்லாம் அந்தப் பெட்டி முன்னால்தான் பேசப்பட்டன. நேருக்கு நேர் உட்கார்ந்தால் வராத பேச்சு, இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் வந்தது. விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தான் எப்படி நின்றிருந்தாள் என்பதைக்கூட ஒருநாள் அப்படித்தான் அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் ஆட்டத்தை நிறுத்தவில்லையாம். ஆனால் விமானம் நேரே போய் மலையில் மோதிவிட்டதாம்.

விரல் விஷயத்தை யாரும் கேட்கவில்லை. நான் கேட்கக் கூடாது என்று வைத்திருந்தேன். ஆட்கள் தாவிக் குதிக்கிற இன்னோர் ஆட்டத்துக்கு அவர்கள் மாறியபோது, குதிக்கிற பட்டன் மட்டும் எனக்கு என்று தம்பி சொல்லிவிட்டானாம். நீ லேட்டாக் குதிக்கிற என்று சண்டை. அந்த ஒரு பட்டன் அவனுடைய ஆள்காட்டி விரலுக்குப் போனது. சில மாதங்களில் நடுவிரலுக்கும் ஒன்று. மற்றவை இன்றைக்கும் அவளுடையவைதான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பழையபடி வரவில்லை, வராது என்றுதான் டாக்டர் சொல்கிறார். ஆனால் சட்டைப் பித்தானை இப்போது அவனே போட்டுக்கொள்கிறான். நேரமாகும், போட்டுக்கொள்கிறான். பிசியோதெரபி பெண் இப்போது மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறாள். வந்தால் பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேன்.

போன கோடையில் பெட்டி சூடாகி அடிக்கடி நின்றுபோனது. பின்கதவைத் திறந்து பார்த்தால் எறும்பு குடியேறியிருந்தது. அதைச் சுத்தம் செய்து, ஒரு சின்ன ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து மாட்டியது தம்பிதான். ஸ்குரூவை இடது கையால் திருகினான், வலது கையால் ஃபேனை அழுத்திப் பிடித்துக்கொண்டான். நான் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு இப்போது ஒரு டிராவல்ஸில் வேலை. எந்த வண்டி எந்தச் சவாரிக்குப் போக வேண்டும் என்று போனில் பிரித்து அனுப்புகிற வேலை. எந்த ரோட்டில் எந்த நேரம் கூட்டம் ஜாஸ்தி என்பது அவனுக்கு மனப்பாடம். ஸ்டியரிங்கை நினைத்துக்கொள்கிறானா என்று நான் கேட்டதில்லை. நினைத்துக்கொள்ளாமல் இருப்பானா.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு பேரும் என்னை மேலே கூப்பிட்டார்கள். பெட்டியைக் கட்டினவளே இதுவரை ஒரு ஆட்டம் ஆடியதில்லையாம். நிஜம்தான். வயர் சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்ததோடு சரி. நான் கியர் குமிழைப் பிடித்தேன், பட்டன் மேல் விரல் வைத்தேன். விமானம் கிளம்பியது. இடது கை ஒன்று சொல்ல வலது கை வேறொன்று செய்தது. முதல் எதிரி வரும்போதே நான் போய் அதன்மேல் மோதினேன். மறுபடி விட்டார்கள், மறுபடி மோதினேன். அவர்கள் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“அண்ணி, நீங்க கட்டறதோட நிறுத்திக்கங்க” என்றாள் அவள்.

தம்பி என்னை மெல்ல நகர்த்திவிட்டுத் தன் இடத்துக்கு வந்தான். அவள் வலது பக்கம் வந்து நின்றாள். நான் கட்டிலில் உட்கார்ந்து, அவர்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.